புழுவும் இல்லை, தாயின் குறையும் இல்லை

(திருவையாற்றில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மாணவர் நலமும் நுண்ணூட்டச் சத்துகளும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எந்த வைட்டமின் எதில் இருக்கிறது, எது குறைந்தால் என்ன நோய் வரும் என்று அட்டவணை போட்டுச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த அட்டவணை நம் பாடநூலிலேயே இருக்கிறது. அதனால் நான் ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்தில் அதைப் புழுவெட்டு என்பார்கள். அந்த நோயின் விஷயத்தில் என் வகுப்பறையில் நான் ஒரு தவறு செய்தேன். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். ஆராதனைக்காக ஊர் நிறைந்திருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பெயரும் ஊரும் வேண்டாம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன். நன்றாக எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டு வருவாள். அன்று பின்னலுக்குப் பக்கத்தில், காதுக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இல்லாமல் வழவழப்பாக ஓர் இடம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை தள்ளி உட்கார்ந்துவிட்டாள். “புழு சார். ஒட்டிக்கும்னு எங்க ஆயா சொல்லுச்சு” என்றாள்.

நான் அறிவியல் ஆசிரியர் அல்லவா? மூடநம்பிக்கையைப் போக்க வேண்டும் என்று எழுந்தேன். “புழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. உடம்பில் சத்துக் குறைந்தால் இப்படி முடி கொட்டும். இவள் தினமும் கீரை, முட்டை, பயறு சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கும் மனநிறைவாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் அம்மா வந்தார். வயல் வேலைக்குப் போகிறவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பயோட்டின் மாத்திரை ஓர் அட்டை, துத்தநாகம் கலந்த பலவகை வைட்டமின் மாத்திரை, சத்து மாவு டப்பா ஒன்று, முடி வளர ஓர் எண்ணெய். கொலுசை அடகு வைத்து வாங்கியிருந்தார். பிறகு சொன்னார்: “சத்து இல்லன்னு நீங்க சொன்னீங்களாம் சார். நான் எம்புள்ளைக்குச் சோறு போடலன்னு தெருவுல பேசுறாங்க. நான் பட்டினி கெடந்தாலும் அதுக்குப் போடாம இருந்ததில்ல.”

எனக்குப் பதில் வரவில்லை. ‘புழு’ என்ற சொல் அந்தப் பிள்ளையை மட்டும்தான் ஒதுக்கியது. ‘சத்துக் குறைவு’ என்ற என் சொல் அவள் தாயையும் குற்றவாளி ஆக்கியது. அந்தச் சொல்லாவது சரியா என்றால், அதுவும் சரியில்லை.

இந்த நோய் என்ன?

மருத்துவத்தில் இதற்கு அலோபீசியா ஏரியேட்டா என்று பெயர். இது தன்னுடல் தாக்கு நோய்களில் ஒன்று. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிலிருந்து வரும் கிருமியைத் தாக்குவதற்காக இருக்கிறது. இந்த நோயில் அது ஆள் தெரியாமல் நம் மயிர்க்காலையே தாக்குகிறது. ‘டி செல்கள்’ என்னும் வெள்ளையணுக்கள் மயிர்க்காலின் அடிப்பகுதியைச் சூழ்ந்துகொள்கின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் முடி அங்கேயே நின்றுபோய், மெலிந்து, உதிர்ந்துவிடுகிறது. புழு இல்லை, பூச்சி இல்லை, வண்டு இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

அரிய நோயும் இல்லை. நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் தொடங்குவது அதிகம். அதாவது நம் வகுப்பறை வயதில். சிலருக்கு ஒரே ஒரு வட்டத்தோடு நின்றுவிடும். சிலருக்குப் பல வட்டங்கள் வரும். மிகச் சிலருக்குத் தலை முழுவதும், புருவம், இமை எல்லாம் போய்விடும். நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகளும் தோன்றலாம். தைராய்டு நோய், வெண்புள்ளி, ஒவ்வாமை போன்றவை இதோடு சேர்ந்து வருவதும் உண்டு. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருகிறது.

இதில் ஓர் ஆறுதலான செய்தி உண்டு. மயிர்க்கால் அழிந்துபோவதில்லை. அறுவடைக்குப் பிறகு வயலில் தாள் நிற்கிறது, தண்ணீர் கிடைத்தால் மறுதாம்பு துளிர்க்கிறது அல்லவா, அதுபோல. சிறிய வட்டங்களாக வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வந்துவிடுகிறது. முதலில் வெள்ளையாக, பூனைமுடிபோல் வரும், பிறகு கறுக்கும். ஆனால் திரும்பவும் உதிரலாம். வருவதும் போவதும் இந்த நோயின் இயல்பு.

தானாகவே பாதிப் பேருக்குச் சரியாகும் நோய் என்பதை மறக்காதீர்கள். சின்ன வெங்காயம் தேய்த்தேன், ஆற்றுத்தும்மட்டிக் காய் தேய்த்தேன், இந்த மாத்திரை சாப்பிட்டேன், முடி வந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தேய்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்காதா என்பது அவர்களுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு குழுவுக்குக் கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாம் எட்டாம் வகுப்புக்கு நடத்தும் அறிவியல் முறைதான் இது.

அரிசியிலிருந்து வந்த சொல்

எனக்கு ஏன் உடனே ‘சத்துக் குறைவு’ என்று வாயில் வந்தது? யோசித்துப் பார்த்தேன். நம் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நெல் விளையும் நாடுகளோடு தொடர்புடையது.

1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் தேறுவதையும் கண்டார். பிறகு காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரிக்க முயன்றார். 1912-இல் ‘வைட்டமின்’ என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இல்லாமலே, ஒரு சத்து இல்லாததால் மட்டும் நோய் வரும் என்பது அன்று பெரிய கண்டுபிடிப்பு. அதன்பின் ஸ்கர்வி, ரிக்கெட்ஸ், மாலைக்கண் என்று வரிசையாக விடை கிடைத்தது. அந்த வெற்றியின் நிழலில்தான் நாம் படித்தோம். அதனால் காரணம் தெரியாத நோயைக் கண்டால் சத்துக் குறைவு என்று சொல்லிவிடுகிறோம்.

பயிரிலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. வட இந்தியாவில் தராய்ப் பகுதியில் நெல் இலைகளில் துருப் புள்ளிகள் விழுந்து பயிர் குன்றிப்போனது. ‘கைரா நோய்’ என்று பெயர் வைத்து, எந்தக் கிருமி என்று தேடினார்கள். 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய்.எல்.நேனே, அது கிருமியே இல்லை, மண்ணில் துத்தநாகம் போதவில்லை என்று காட்டினார். இன்று நம் டெல்டாவில் நடவின்போது ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவுகிறோமே, அந்த அறிவின் பயன்தான் அது.

அங்கே நோய் என்று நினைத்தது சத்துக் குறைவாக இருந்தது. புழுவெட்டில் சத்துக் குறைவு என்று நாம் நினைப்பது நோயாக இருக்கிறது. புகையான் விழுந்த வயலில் எந்த விவசாயியும் துத்தநாகத்தைக் கொட்ட மாட்டார். பயிருக்கு என்ன வந்திருக்கிறது என்று குனிந்து தூரைப் பார்ப்பார். நான் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே உரம் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் வைட்டமினுக்கும் தாதுவுக்கும் இதில் பங்கே இல்லையா?

இருக்கிறது. எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வைட்டமின் டி. நோய் எதிர்ப்புச் செல்களை நிதானத்தில் வைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. மயிர்க்காலிலும் இந்த வைட்டமினை ஏற்கும் இடங்கள் உள்ளன. புழுவெட்டு உள்ளவர்களின் இரத்தத்தில் மற்றவர்களைவிட வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுண்சத்துகளில் ஓரளவு உறுதியான தொடர்பு இதற்குத்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. வெயில் கொளுத்தும் நம் நாட்டிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் முடி கொட்டவில்லை. குறைவு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் சரிசெய்ய வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. முடி வந்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அடுத்து துத்தநாகம். செல்கள் பெருகுவதற்கும் நோய் எதிர்ப்புக்கும் தேவையானது. கடுமையான துத்தநாகக் குறைவில் முடி கொட்டும் என்பது உண்மை. புழுவெட்டு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் துத்தநாகம் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. சரி, கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். பிரிட்டனில் 1981-இல் வெளியான ஆய்வில், பரவலாக முடி இழந்த 42 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குத் துத்தநாக சல்பேட்டும் மறு குழுவுக்கு வெறும் மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். இரத்தத்தில் துத்தநாகம் ஏறியது. முடியில் முன்னேற்றம் இல்லை. தென்கொரியாவில் 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வில், துத்தநாகம் குறைவாக இருந்த 15 பேருக்கு மட்டும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். 9 பேருக்குப் பயன் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. தானாகவே முடி வரும் நோய் என்று சற்றுமுன் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம்: குறைவு இருப்பவருக்குக் கொடுப்பதில் பொருள் இருக்கலாம், எல்லோருக்கும் கொடுப்பதில் இல்லை.

மூன்றாவது இரும்பு. நம் வளரிளம் பெண்களில் இரத்தசோகை அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். இரும்பு குறைந்தால் தலை முழுவதும் பரவலாக முடி மெலியும், சீப்பில் கொத்தாக வரும். வட்டமாக, வழவழப்பாக ஓரிடத்தில் மட்டும் போகாது. புழுவெட்டுக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் நிலையும் அதுவே.

நான்காவது, அந்த அம்மாவின் பையில் முதலில் இருந்த பயோட்டின். கடைகளில் ‘முடி வைட்டமின்’ என்று விற்பது இதைத்தான். பயோட்டின் குறைபாடு மிக அரிது. புழுவெட்டில் பயோட்டின் மட்டும் கொடுத்துப் பயன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இல்லை. கூடவே ஒரு தொல்லையும் உண்டு. அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டவரின் இரத்தப் பரிசோதனையில் சில முடிவுகள் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டுப் பரிசோதனையும் அப்படித் தவறக்கூடியது. புழுவெட்டு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் பார்க்க நினைப்பதில் தைராய்டும் ஒன்று. உதவும் என்று வாங்கிய மாத்திரை, உண்மையைக் கண்டுபிடிக்கவிடாமல் தடுத்துவிடலாம்.

மிகுந்தாலும் உதிரும்

‘சத்துதானே, கூடுதலாகப் போனால் என்ன?’ என்று கேட்கலாம். தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். அந்த வயலைத்தான் புகையான் தேடி வரும். உடம்பிலும் கணக்கு உண்டு. வைட்டமின் ஏ மிகுந்தால் முடி உதிரும். துத்தநாகத்தை நீண்ட நாள் அதிகமாகச் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறைந்து இரத்தசோகை வரும். செலினியம் மிகுந்தால் முடி கொட்டும், நகம் உதிரும்.

இதற்கு நம் நாட்டிலேயே அண்மையில் ஒரு நிகழ்வு. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில், 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சில நாள்களிலேயே தலைமுடி கொட்டியது. குழந்தைகளும் அதில் உண்டு. பூஞ்சை என்றார்கள், தண்ணீர் என்றார்கள். தேள்கடி சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அந்தக் கிராமங்களுக்குச் சென்று மாதிரிகளைச் சோதித்தார். ரேஷனில் வந்த வெளிமாநிலக் கோதுமையில் செலினியம் மிக அதிகமாக இருந்ததே காரணம் என்று 2025 பிப்ரவரியில் தெரிவித்தார். பாதிக்கப்பட்டவர்களின் உடலில் துத்தநாகம் குறைந்திருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். இது புழுவெட்டு அல்ல. வேறு வகை முடி உதிர்வு. ஆனால் உடலுக்குத் தேவையான ஒரு தாதுவே அளவு மீறினால் முடியை எடுத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்த ஊர்களிலும் வெட்கத்தால் தலையை மழித்துக்கொண்டவர்களைப் பற்றியும், பள்ளி கல்லூரிக்குப் போகத் தயங்கிய பிள்ளைகளைப் பற்றியும் செய்திகள் வந்தன.

வகுப்பறையில் நாம் செய்ய வேண்டியது

நாம் மருத்துவர்கள் இல்லை. ஆனால் பிள்ளையின் தலையைப் பெற்றோருக்கு அடுத்தபடியாகத் தினமும் பார்ப்பவர்கள் நாம்தான். எனவே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

தோல் வழவழப்பாக, செதில் இல்லாமல், அரிப்பு அதிகம் இல்லாமல் வட்டமாக இருந்தால் புழுவெட்டாக இருக்கலாம். அந்த இடத்தில் செதில், அரிப்பு, சிவப்பு, உடைந்த முடிகள் இருந்தால் படர்தாமரை வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அது ஒட்டும், அதற்கு மருத்துவர் தரும் மாத்திரை தேவை. சீப்பையும் துண்டையும் பகிரக்கூடாது. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டினால், அது பெரும்பாலும் தானே சரியாகும். வட்டத்தின் விளிம்பு ஒழுங்கில்லாமல், முடிகள் நீளமும் குட்டையுமாக முறிந்திருந்தால், பிள்ளை மன அழுத்தத்தில் தானே முடியைப் பிடுங்குகிறதா என்று அன்போடு கவனிக்க வேண்டும். எதுவானாலும் முடிவு சொல்வது நம் வேலை இல்லை. நடமாடும் பள்ளி மருத்துவக் குழு வரும்போது அந்தப் பிள்ளையைத் தனியாகக் காட்டுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கிருந்து தோல் மருத்துவரிடம் போக வழி கிடைக்கும்.

என் நண்பர் ஒருவர், நல்ல ஆசிரியர், ஒருமுறை கேட்டார்: “குடற்புழு மாத்திரை கொடுத்த அன்று அந்தப் பிள்ளை லீவு போட்டிருக்குமோ?” சிரிக்க வேண்டாம். ‘புழுவெட்டு’ என்று பெயர் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அல்பெண்டசோல் குடலில் உள்ள புழுவுக்கு. தலையில் புழுவே இல்லை. அந்த மாத்திரையும், இரும்புச்சத்து மாத்திரையும், மதிய உணவின் முட்டையும் பயறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். புழுவெட்டு உள்ள பிள்ளைக்கும் வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு எதற்காகவோ, அதற்காகவே இவளுக்கும்.

வெங்காயத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2002-இல் ஈராக்கில் ஒரு சிறிய ஆய்வில் வெங்காயச் சாறு தடவியவர்களுக்கு நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். அந்த ஒரு சிறிய ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது. சாறு தோலைப் புண்ணாக்கவும் கூடும். பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் பிள்ளையின் தலை வெந்துபோகும்வரை தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருத்துவத்தில் வழிகள் இருக்கின்றன. தடவும் களிம்பு, வட்டத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கடுமையான நிலைக்கு, எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞையைத் தடுக்கும் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-இல் பெரியவர்களுக்கும், ரிட்லெசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2023-இல் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது. பக்க விளைவுகள் உள்ளவை. மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியவை.

மருந்து மருத்துவர் கையில். உட்காரும் இடம் நம் கையில். அந்தப் பிள்ளையின் இடத்தை மாற்றாதீர்கள். தள்ளி உட்கார்ந்த பிள்ளையைத் திட்டாமல் மறுபடி பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். துணி கட்டிக்கொண்டோ தொப்பி போட்டுக்கொண்டோ வர விரும்பினால் சீருடையைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். வகுப்பில் பேச வேண்டுமானால் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.

2022 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில், வில் ஸ்மித்தின் மனைவியின் தலையைப் பற்றி ஒருவர் நகைச்சுவை சொன்னதும், வில் ஸ்மித் அவரை அறைந்ததும் நமக்கு நினைவிருக்கும். அந்த அறையைப் பற்றி உலகமே பேசியது. அந்தப் பெண்மணி, ஜேடா பிங்கெட் ஸ்மித், தமக்கு முடி உதிரும் நோய் இருப்பதை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பணமும் புகழும் உள்ளவருக்கே அந்த மேடை அப்படி இருந்தது என்றால், நம் பள்ளியின் காலை வழிபாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அந்தப் பிள்ளை

அன்று அந்த அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். “நான் தெரியாமல் பேசிவிட்டேன் அம்மா. தப்பு என்னுடையது.” அடுத்த வாரம் இருவரையும் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இரத்தப் பரிசோதனையில் லேசான இரத்தசோகை இருந்தது. வைட்டமின் டி குறைவாக இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “இந்த இரண்டையும் சரிசெய்வோம். பிள்ளை சுறுசுறுப்பாக இருப்பாள். ஆனால் முடி உதிர்ந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை அம்மா. நீங்கள் என்ன சமைத்திருந்தாலும் இது வந்திருக்கும்.” அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இரத்தப் பரிசோதனைச் சீட்டைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்கு மருந்தாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள், பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, வகுப்பில் என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். “நான் போன மாதம் சொன்னது தவறு. இது சத்துக் குறைவால் வந்ததில்லை. அவள் வீட்டில் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள்.” ஆசிரியரே தவறு என்று சொன்னது பிள்ளைகளுக்கு வியப்பாக இருந்தது. தள்ளி உட்கார்ந்த பிள்ளை அன்று மதியமே பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் இடையில் அந்தப் பிள்ளை பதினேழு நாள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பதினேழு நாளும் இன்றும் இருக்கின்றன. அவை நான் கொடுத்த விடுமுறை.

ஆடி மாதத்துக்குள் அந்த வட்டத்தில் முடி வந்துவிட்டது. களிம்பால் வந்ததா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் மறுபடி இரண்டு வட்டங்கள் வந்தன. இப்போது வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது.

போன மாதம் கடைத்தெருவில் அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். புதிய பள்ளியில் யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். “முதல் நாளே கேட்டாங்க சார். நானே எழுந்து சொல்லிட்டேன்” என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிக்காட்டினாள்.

“இது புழு இல்ல. ஒட்டாது. எங்கம்மா நல்லாத்தான் சோறு போடுறாங்க.”

நான் ஒரு வகுப்பு முழுக்க நடத்தித் தவறாகச் சொன்னதை, அவள் மூன்றே வாக்கியத்தில் சரியாகச் சொல்லிவிட்டாள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த மூன்றையும் அவளுக்காக நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள். மருத்துவமும் சத்தும் அதன்பின் தங்கள் வேலையைச் செய்யட்டும்.